மாடிக்கு வந்த உயிருள்ள கற்கள்

போன வாரம் எனக்கு மருந்துக் கடையிலிருந்து இன்சுலின் வந்தது. வெயில் காலம் என்பதால் சின்னத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். மூடியை இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அது வந்தது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, வாசல் கதவைத் தாழ் போட்டிருக்கிறேனா என்று போய்ப் பார்த்தேன். இன்சுலினுக்கு யாராவது கதவைத் தாழ் போடுவார்களா? நான் போடுவேன். சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது துறையூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக்கூட யாராவது பிடித்திருக்க, நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் வந்தாலே அப்பா ஏதோ தப்பு செய்துவிட்டார் என்று அழுவேனாம். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் எப்படிப்பட்டவர் தெரியுமா? பயம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிறவர்.

கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் என்று எழுதினால் குழப்பம்தான் வரும். நம் ஊரில் வீட்டுச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். அதனால் தாலி கட்டியவரை இவர் என்றும், கீழே குடியிருந்த சொந்தக்காரரை மாமா என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். நேரில் கூப்பிட்டதும் அப்படித்தான்.

இவர் வருஷக்கணக்கில் பரீட்சை எழுதி எழுதி, வயது வரம்பு தாண்டப் போகிற நேரத்தில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை வாங்கியவர். அந்த ஆர்டரைப் பார்த்துத்தான் என் அப்பா பெண் கொடுத்தார். வேலை கிடைத்தாலும் தகுதிகாண் பருவம் என்று ஒன்று உண்டே, அது அப்போது முடிந்திருக்கவில்லை. அதற்குள் ஒரு போலீஸ் கேஸ் விழுந்தால் போதும், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். என்னை பஸ் ஏற்றி விடும்போது அப்பா சொன்னது அது ஒன்றுதான்.

"மாப்ள மேல ஒரு கேஸு விழாம பாத்துக்கம்மா. டிராஃபிக் ஃபைன்கூட வேணாம். வேலை பர்மனென்ட் ஆவுற வரைக்கும் நீதான் அவருக்குக் காவல்."

அந்தக் காவல் வேலையை நான் ரொம்ப ஒழுங்காகப் பார்த்தேன். இவர் ஹெல்மெட் போட்டாரா, லைசென்ஸ் எடுத்தாரா என்று தினம் மாடிப்படியில் நின்று கேட்பேன். இவரோ ஆசைக்காரர். ஒரு மாசம் புறா, ஒரு மாசம் போன்சாய், ஒரு மாசம் கீபோர்டு. ஒவ்வொன்றும் வரும்போது நான் பயப்படுவேன், போகும்போது நிம்மதியாவேன். அப்புறம்தான் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். தங்கியிருந்த ஹோட்டல் வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள். முகூர்த்தத்தையும் விட்டுவிட்டு, பந்தியையும் விட்டுவிட்டு இவர் அதன் முன்னாலேயே நின்றார்.

"இது கடல் மீன் தெரியுமா? உப்புத் தண்ணியில மட்டும்தான் இருக்கும். திருச்சியில யார் வீட்டுலயும் இருக்காது. கடலையே நம்ம வீட்டுக்குக் கொண்டாரேன் பாரு."

கடலையே கொண்டு வருகிறாராம்.

ஊர் திரும்பியதும் சாமான் சேர்க்க ஆரம்பித்தார். முதலில் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்துத் தொட்டி ஒட்டச் சொன்னார். அதற்கு இரும்பு ஸ்டாண்டு. அப்புறம் தண்ணீரைக் கலக்கும் மோட்டார், உப்பின் அளவைப் பார்க்கும் ஒரு கண்ணாடிக் குழாய், நீல விளக்கு. அப்போது கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதைச் சுற்றித்தான் எங்கள் நாளே நடந்துகொண்டிருந்தது, அதனால் பேட்டரியில் ஓடும் காற்று பம்பு வேறு. ஒவ்வொன்றாக மாடியேறி வந்தது. எனக்கு மாடியைப் பற்றியே கவலை. அது மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, மேலே அம்மியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாலே கீழே சுண்ணாம்பு உதிரும். தொட்டி வைப்பதாக இருந்த மூலைக்கு நேர் கீழே மாமா கட்டில் போட்டுப் படுத்திருப்பார். தண்ணீர் நிறைந்த தொட்டி உத்தரத்தை உடைத்துக்கொண்டு அவர் மேல் விழுவதாகக் கனவு கண்டு அலறியிருக்கிறேன். இவர் தூக்கக் கலக்கத்தில், "விழட்டும், மீனைப் பத்திரமா புடிச்சுக்கோ" என்பார்.

மாமா ரொம்ப ஆசாரமான மனுஷர். வீடு கொடுக்கும்போதே மாமிசம் கூடாது, முட்டை கூடாது, வெங்காய வாசனை கீழே வரக்கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அந்த வீட்டில் மீன் என்ற வார்த்தையையே நாங்கள் மெதுவாகத்தான் சொல்வோம். தொட்டி வைக்கலாமா என்று நான் நடுங்கிக்கொண்டு கேட்டபோது, "அழகுக்குத்தானேம்மா? பேஷா வெச்சுக்கோ. பெருமாள் எடுத்த முதல் அவதாரமே மத்ஸ்யம்தானே" என்றார். சென்னையிலிருந்து தொட்டித் தண்ணீரைக் கடல் தண்ணீராக்கும் உப்பு வாளி நிறைய வந்து இறங்கியதைப் பார்த்து மாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "உப்புதானே? அதைப் போய் மெட்ராஸ்லேருந்து வரவழைப்பாளா? நம்மாத்துல கல்லுப்பு ஜாடி நெறைய இருக்கே, எடுத்துக்கப்படாதோ?" என்று என்னிடம் வருத்தப்பட்டாள். நல்லவர்கள். நல்லவர்களிடம்தான் எனக்கு இன்னும் அதிகமாகப் பயம்.

எல்லாம் வந்த பிறகு பாக்கி இருந்தது கல். இந்தத் தொட்டிக்கு மீன் கடைசியில்தான் வர வேண்டுமாம். முதலில் கல் வர வேண்டும். சாதாரணக் கல் இல்லை. கடலுக்கு அடியில் கிடந்து, பாசியும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் குடியேறிய கல். அந்தக் கிருமிகள்தான் மீனின் அழுக்கைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம். இவருடன் திருச்சி ஹாஸ்டலில் படித்த அந்தோணி என்பவருக்கு ராமநாதபுரம் பக்கம் கடற்கரைக் கிராமம். அவருக்கு ஃபோன் போட்டதும், "அதுக்கென்ன மாப்ள, அனுப்பி வைக்கிறேன். உயிருள்ள கல்லு, காய விட்டுராத, செத்துப்போகும்" என்று சொல்லி, ஈரப் பேப்பரில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

காலையில் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை வாங்கி ஆட்டோவில் கொண்டு வந்தோம். காவிரிப் பாலம் தாண்டும்போதே கடல் வாடை ஆட்டோவை நிறைத்துவிட்டது. சந்து முனையில் இறங்கினால், ஈர வேட்டியோடு காவிரியில் குளித்துவிட்டு மாமா எதிரே வருகிறார். நான் இவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"என்னடாப்பா அது பெட்டி?"

"கல்லு மாமா. உயிருள்ள கல்லு" என்றார் இவர் பெருமையாக.

மாமா நின்றுவிட்டார். "உயிருள்ள கல்லா?"

"ஆமா மாமா. எப்பவும் தண்ணியிலயே இருக்கணும். காயவே கூடாது. தினம் கவனிக்கணும்."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோவிலுக்குள் நுழையும்போது கட்டுவதைப் போல. "எத்தனை மூர்த்தி?"

மூர்த்தி என்று ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு இவர், "ஏழெட்டு இருக்கும் மாமா" என்றார்.

"சக்கரம் இருக்கோ?"

"சக்கரமா... ஓட்டை ஓட்டையா இருக்கு. உள்ள வட்ட வட்டமா, ஆரம் ஆரமா கோடு ஓடுது."

"எங்கேர்ந்து வந்தது? கண்டகியா?"

"இல்ல மாமா, கடல்லேர்ந்து."

அவ்வளவுதான். மாமாவின் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. "அப்போ துவாரகா சிலை! சாளக்கிராமம் கண்டகி ஆத்துலேர்ந்து வரும், இது சமுத்திரத்துலேர்ந்து சக்கரத்தோட வரும். சாளக்கிராமத்தோட சேர்த்து ஆராதிப்பா. எங்க அப்பா காலத்துல ஒண்ணு இருந்தது, பங்கு பிரிக்கும்போது எங்கேயோ போயிடுத்து. நீ புண்ணியம் பண்ணினவன்டாப்பா" என்று அந்தத் தெர்மாகோல் பெட்டியைச் சந்து நடுவில் கீழே விழுந்து சேவித்தார். ஆட்டோக்காரரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இல்லை மாமா, இது மீன் தொட்டிக்கு என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கண்ணில் நீரோடு எழுந்து நிற்கிற பெரியவரிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இவருக்கோ சிரிப்பை அடக்கவே நேரம் போதவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"ஆனா ஒண்ணும்மா. ஆராதனை இல்லாம வெச்சுக்கப்படாது. தினம் திருமஞ்சனம், துளசி, கொஞ்சம் பாலாவது அமுது செய்யப் பண்ணணும். இல்லேன்னா குடும்பத்துக்கு ஆகாது. நோக்குத் தெரியலேன்னா நான் வந்து பண்றேன்."

குடும்பத்துக்கு ஆகாது என்ற வார்த்தை என் காதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. கூடத்து மூலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கற்களைப் போட்டோம். பெட்டியைத் திறந்தபோது வந்த அந்தக் கீச்சு சத்தத்தைத்தான் முதலில் சொன்னேன். ஊதாவும் பச்சையும் பூத்த கற்கள். ஒன்றிலிருந்து மிளகளவு நண்டு எட்டிப் பார்த்து உள்ளே போனது. இவர் தரையில் குப்புறப் படுத்து, மூக்கு தண்ணீரில் படப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது டக்கென்று ஒரு சத்தம். யாரோ விரலைச் சொடுக்கியதைப் போல. கொஞ்சம் விட்டு மறுபடியும் டக். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். கல்லுக்குள் ஏதோ இறால் ஒளிந்திருக்கிறது, அது கொடுக்கைச் சொடுக்குகிறது என்று இவர் எவ்வளவோ சொன்னார். கீழேயிருந்து மாமி மேலே வந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாள் கூப்பிடுகிறார் என்று அன்றைக்கே எங்கள் சந்து முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் மணல் வாங்கவும், இன்னும் ஏதோ ஒரு மருந்து வாங்கவும் மேலப்புலிவார்டு ரோட்டுப் பக்கம் மீன் கடை வைத்திருந்த பாயிடம் போனோம். திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், இங்கிலீஷ்காரன் வைத்த பூல்வார்டு என்ற பெயர் நம் வாயில் புலியாகிவிட்ட ரோடு அது. பாய் வயதில் பெரியவர், சவூதியில் இருந்துவிட்டு வந்தவர், தங்கமீனும் சண்டை மீனும்தான் வியாபாரம். இவர் போனதும் போகாததுமாக, "பாய், கல்லு வந்துருச்சு! நம்ம ஃப்ரெண்டு கடல்லேர்ந்தே எடுத்து அனுப்பிட்டான். என்னா கலரு தெரியுமா!" என்று கடை அதிர ஆரம்பித்தார்.

பாய் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"தம்பி, மெதுவாப் பேசுங்க. கலர் கலரா, வட்ட வட்டமாக் கோடு போட்டுருக்கா?"

"ஆமா பாய்."

"யா அல்லா! அது பவளப்பாறை தம்பி. அதைக் கடல்லேர்ந்து எடுக்கவும் கூடாது, வீட்டுல வச்சிருக்கவும் கூடாது. புலி இருக்குல்ல, அதுவும் இதுவும் ஒரே சட்டம். புலித்தோல் வச்சிருந்தா என்னா பண்ணுவானோ அதைத்தான் இதுக்கும் பண்ணுவான். ஃபாரஸ்ட்காரன் கையில மாட்டுனா ஜெயில்தான். தங்கச்சி, நீயாவது சொல்லும்மா. இந்தக் கடையில இதைப் பத்திப் பேசுனதாவே இருக்க வேணாம்."

கண்ணாடித் தொட்டிகளுக்குள் இருந்த மீன்கள் எல்லாம் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. காவல், காவல் என்று ஹெல்மெட்டையும் லைசென்ஸையும் காத்துக்கொண்டிருந்தேன், புலித்தோல் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் தடவையாக இவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்ததும் அந்தோணிக்கு ஃபோன் போட்டேன். "ஐயையோ மதினி, எங்க ஊருல பழைய வீட்டுச் செவுரே அதுலதான கட்டியிருக்கு! கரையில ஒதுங்குற கல்லுன்னுல்லா அனுப்பினேன்" என்று அவரும் அலறினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்புகள். மாடிப்படியில் ஆட்கள். திருமஞ்சனம் பண்ண வேண்டும் என்று மாமா காலையிலேயே எங்கள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாமிகள், பக்கத்துத் தெருப் பெரியவர், கல்லூரியில் படிக்கிற பெண் என்று வரிசையாக டப்பைச் சுற்றி நின்று சேவித்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீரில் துளசி மிதக்கிறது. ஒருத்தி செல்ஃபோனில் படம் எடுக்கிறாள். எல்லோருக்கும் நடுவில் மாமா தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நல்லவேளையாகத் தன் வெள்ளிச் சொம்பிலிருந்து. ஊருக்குத் தெரியாமல் வைக்க வேண்டிய ஒன்றை ஊரைக் கூட்டி வைத்துக் காட்டுகிறோம்.

எல்லோரும் போன பிறகு மாமா சந்தோஷமாகச் சொன்னார். "என் மருமான் ரகு, தங்கை பிள்ளை, அவன்கிட்டயும் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேவிக்க வரேன்னிருக்கான். ஃபாரஸ்ட்ல ரேஞ்சரா இருக்கான் பாரு, அவன்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். இவர் "சரிங்க மாமா" என்றார். வேறென்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் இருந்த இருப்பை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். சந்தில் பைக் நின்றால் ஜீப் என்று நினைத்தேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்து உள்ளே போய் ஒளிந்தேன், அவர் காக்கி பேன்ட் போட்டிருந்தார். கொண்டு போய்க் கொள்ளிடத்தில் போட்டுவிட்டு வாருங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன்.

"ஆத்துத் தண்ணியில போட்டா அத்தனையும் செத்துரும். உயிரோட இருக்கு, பாக்கறேல்ல?"

"உங்க வேலை செத்துருமே, அது பரவாயில்லையா? எங்கப்பா கேட்டா நான் என்ன சொல்றது? மாமா கேட்டா என்ன சொல்றது, பெருமாளை ஆத்துல வீசிட்டோம்னா?"

இவர் டப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இறால் டக்கென்று சொடுக்கியது. எனக்கு அதை நசுக்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு ஆத்திரம். அதே சமயம் கரண்ட் போனால் நான்தான் முதலில் ஓடிப் போய் பேட்டரி பம்பைப் போடுவேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை மாமா அந்த ரகுவை அழைத்துக்கொண்டு மேலே வந்தார். சாதாரண பேன்ட் சட்டை. நெற்றியில் மெல்லிசாகத் திருமண். இவரைவிட வயதில் சின்னவர். டப்புக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு கல்லை விரலால் மெல்லத் திருப்பினார்.

"சக்கரம் தெரியறதோடா?" என்றார் மாமா.

"தெரியறது மாமா. நீங்க கீழ போங்கோ. இவாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன்."

மாமா இறங்கிப் போனதும் அவர் கதவைச் சாத்தினார். "இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"வாங்கறப்ப தெரியாதுங்க. இப்பதான் தெரிஞ்சுது."

"என்ன வேலையில இருக்கீங்க?"

"கவர்ன்மென்ட்டுங்க. கிளார்க்கு. இன்னும் ப்ரொபேஷன் முடியலைங்க." சொல்லும்போதே இவர் குரல் உடைந்துவிட்டது. அடுத்த நிமிஷம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சின்னப் பையன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சார், வேலையைக் கெடுத்துடாதீங்க சார். இனிமே எதுவும் வாங்க மாட்டேன் சார். எதுக்கும் ஆசைப்பட மாட்டேன் சார்."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். என் புருஷன் இன்னொருத்தர் காலில் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அந்த ரகு பதறிப் பின்னால் நகர்ந்து, "ஐயோ, எழுந்திருங்க சார், என்ன இது" என்று இவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிவிட்டு ஜன்னல் கதவையும் சாத்தினார். அவருக்கும் வேலை, அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

"நாளைக்கு இது கடல்ல இருக்கணும்" என்றார் கடைசியில். "உயிரோட. நான் இங்க வரலை."

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் வேளாங்கண்ணி பஸ்ஸைப் பிடிப்பது என்று முடிவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கினால் மாமா பன்னிரண்டு திருமண்ணும் இட்டுக்கொண்டு, பஞ்சகச்சத்தோடு வாசலில் தயாராக நிற்கிறார். "ரகு சொன்னான், சமுத்திரத்துலயே சேர்த்துடணுமாமே. எழுந்தருளப் பண்ணினதைத் தனியா அனுப்பப்படாது. நானும் வரேன்." வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் மடியிலேயே பெட்டி. பக்கத்தில் இவர். முன் சீட்டில் மாமா.

சும்மா வந்தாரா? தஞ்சாவூர் தாண்டவில்லை, முழு பஸ்ஸுக்கும் தெரிந்துவிட்டது. "அந்தப் பொண் மடியில எம்பெருமான் எழுந்தருளியிருக்கார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் உரக்கச் சொல்கிறார். வேளாங்கண்ணிக்குப் போகிற ஒரு ஆயா ஜெபமாலையோடு என் பெட்டியைத் தொட்டு முத்தமிட்டாள். நான் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வழியில் ஒரு இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் ஒருத்தர் ஏறினார். பாண்டிச்சேரி சரக்கு தேடுகிறார்கள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு எங்கள் சீட்டுக்கு வந்தார்.

"இதுல என்னம்மா?"

வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

மாமா எழுந்து நின்றார். "பெருமாள். சமுத்திர ஸ்நானத்துக்கு எழுந்தருளறார். திறக்கணும்னா குளிச்சுட்டு, ஈர வேஷ்டியோட வந்து திறங்கோ."

அவர் பெட்டியைப் பார்த்தார், மாமாவின் நெற்றியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த அழுகையை முந்தானையால் வாயை அடைத்து நிறுத்தினேன்.

கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் கடலில் இறங்கினோம். மாமா பஞ்சகச்சத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு கல்லையும் இரண்டு கையாலும் வாங்கி, ஏதோ சொல்லி, மெதுவாக விட்டார். "இந்த இடம் ஒத்துக்குமா? உயிரோட இருக்குமா?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அலையைத்தான் கேட்டார். எங்களுக்கு என்ன தெரியும்? கடைசிக் கல்லைக் கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்தார். மாமாதான் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் சொன்னார். "ரகு ராத்திரியே எல்லாம் சொல்லிட்டான்மா. கேஸு, ஜெயிலு, இவன் வேலை, எல்லாம். எனக்கு அது பெருமாள்தான், அதுல மாத்தமில்லை. ஆனா பெட்டிக்குள்ள பெருமாள் இருக்கார்னு நாலு பேர் கேக்கச் சொல்லிண்டே வந்தா எவன் திறந்து பார்ப்பான்? அதான் கூட வந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் அழுதேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்து அப்பார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். மாமாவும் மாமியும் அடுத்தடுத்துப் பரமபதித்துவிட்டார்கள். பாய் கடை இருந்த இடத்தில் செல்ஃபோனுக்கு உறை விற்கிறார்கள். தண்ணீரே பார்க்காத அந்தத் தொட்டியை ஒரு பேக்கரிக்காரர் பப்ஸ் அடுக்க வாங்கிக்கொண்டு போனார். இவருக்கு வேலை நிரந்தரமாயிற்று, பிரமோஷனும் வந்தது. புறாவோ கீபோர்டோ எதுவும் அதற்கப்புறம் வீட்டுக்கு வரவில்லை. என் அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் ஒரு நாள் சாயங்காலம் தில்லைநகரில் நடந்து போய்க்கொண்டிருந்தோம். புதிதாக ஒரு மீன் கடை, ஏசி போட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நீல வெளிச்சத்தில் பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி. இப்போதெல்லாம் கல்லைச் சிமெண்டில் செய்து விற்கிறார்கள், சட்டப்படி. இரண்டு கோமாளி மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தினால் இல்லை. இவர் நிற்பார், மூக்கைக் கண்ணாடியில் வைப்பார், கடலையே கொண்டு வருகிறேன் பார் என்பார் என்று. இந்தத் தடவை வாங்குங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்றுகூட வாயைத் திறந்துவிட்டேன்.

இவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நடந்தார்.

"கொஞ்சம் நில்லுங்களேன்" என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

அதில் ஒரு கோபமோ ஒரு வருத்தமோ இருந்திருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நானும் "ஒண்ணுமில்லை, வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.